லோரியே என்று கேட்டால் எந்த இலை? போர்ட் லூயி சந்தையில் ஒரு மசாலாக் கடை

மொரீஷியசின் தலைநகரான போர்ட் லூயியின் மத்தியச் சந்தைக்குள் ஃபார்குவார் தெருப் பக்கமாக நுழைந்து, கீரைக் கட்டுகளும் பச்சை மிளகாய்க் குவியல்களும் இருக்கும் வரிசையைக் கடந்து சென்றால், மூலிகைத் தேநீருக்கான இலைகளையும் வேர்களையும் விற்பவர்களுக்குச் சற்று முன்பாக, இரண்டு பேர் சேர்ந்து நின்றால் மறைந்துவிடும் அளவுக்கே இடமுள்ள ஒரு மசாலாக் கடை இருக்கிறது. அதற்குப் பெயர்ப்பலகை இல்லை. கடைக்காரருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். சந்தையில் எல்லோரும் அவரைத் தோந்தோன், அதாவது மாமா, என்றே அழைக்கிறார்கள். கடந்த எட்டு மாதங்களாக நான் அவரிடம் வாங்கிவரும் ஒரு சரக்கைப் பற்றியே இந்த மதிப்புரை: பிரெஞ்சிலும் நம் தீவின் பேச்சுமொழியான கிரியோலிலும் லோரியே என்றும், ஆங்கிலத்தில் லாரல் அல்லது பே இலை என்றும், தமிழ்நாட்டுக் கடைகளில் பிரிஞ்சி இலை என்றும் வழங்கும் உலர்ந்த இலை. ஓர் இலைக்கு இவ்வளவு எழுத வேண்டுமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். இந்த ஒரே பெயரில் நம் தீவில் விற்கப்படுபவையும் வேலியோரம் வளர்பவையும் குறைந்தது மூன்று வெவ்வேறு செடிகள் என்பதையும், அவற்றுள் ஒன்று கொடிய நஞ்சு என்பதையும் அறிந்த பிறகு, எழுதாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை.

முதலில் இலையைப் பற்றிச் சொல்கிறேன். இருபது கிராம் பொட்டலம் நாற்பத்தைந்து ரூபாய். பிரித்ததும் கண்ணில் படுவது நிறம்: பழுப்பேறாத, சற்றுச் சாம்பல் பூத்த பச்சை. வெயிலில் போட்டு அவசரமாகக் காய வைத்த இலை பழுத்துப்போய் வைக்கோல் நிறம் காட்டும். நிழலில் காய்ந்ததுதான் இப்படிப் பச்சை மாறாமல் இருக்கும். ஒவ்வோர் இலையும் என் நடுவிரல் நீளம், இரு முனையும் கூர்மை, ஓரம் இலேசாக நெளிந்திருக்கும். நடுவே ஒரே ஒரு தடித்த நரம்பு ஓட, அதிலிருந்து இரு புறமும் மெல்லிய கிளை நரம்புகள் பிரிகின்றன. ஓர் இலையை எடுத்து நடுநரம்பின் குறுக்கே மடித்தால் ‘படக்’ என்று முறிகிறது. முறிந்த இடத்தை மூக்கருகே கொண்டுபோனால், யூகலிப்டஸ் இலையைக் கசக்கியதுபோன்ற குளிர்ந்த வாசம் முதலில் வந்து, பிறகு மிளகும் ஏதோ ஒரு பூவும் கலந்தாற்போன்ற இரண்டாவது வாசம் மெதுவாக எழுகிறது. அந்த முதல் வாசத்துக்குக் காரணம் யூகலிப்டஸ் எண்ணெயில் மிகுதியாக உள்ள சினியோல் என்ற பொருளே. இந்த இலையின் எண்ணெயிலும் அதுவே முதன்மையானது. மத்தியதரைக் கடல் நாடுகளைச் சேர்ந்த இந்த மரத்தின் தாவரப் பெயர் லாரஸ் நோபிலிஸ். பொட்டலத்துக்குள் இருந்த சிறு துண்டுச் சீட்டில் துருக்கி என்று எழுதியிருந்தது. உலகச் சந்தைக்கு இந்த இலையை மிகுதியாக அனுப்பும் நாடும் அதுதான்.

நான் இந்தக் கடைக்கு வந்துசேர்ந்ததற்குக் காரணம் ஓர் ஏமாற்றம். கடந்த ஆண்டு ஒரு பெரிய அங்காடியில், பிரெஞ்சில் லோரியே என்றும் ஆங்கிலத்தில் பே இலை என்றும் அச்சிட்ட பொட்டலம் ஒன்றை வாங்கிவந்து, உருளைக்கிழங்கும் பட்டாணியும் சேர்த்துத் தோப் என்ற தக்காளிக் குழம்பு செய்தேன். எங்கள் வீட்டில் தோப் என்றால் தக்காளி, பூண்டு, தைம், லோரியே ஆகியவற்றின் வாசம்தான்; காரமோ கரம் மசாலாவோ அதில் தலைகாட்டக் கூடாது. மூடியைத் திறந்தபோது அடுப்படி முழுவதும் பட்டையும் கிராம்பும் மணத்தன. என் மாமியார் ஒரு கரண்டி சுவைத்துவிட்டு, “என்ன அம்மா, பிரியாணிக்குப் போட வேண்டியதை இதில் போட்டுவிட்டாயா?” என்று கேட்டார். அவர் சொன்னது அப்படியே உண்மை என்பது பொட்டலத்தில் மீதமிருந்த இலைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. அந்த இலைகளில் இருந்தது ஒரே ஒரு நடுநரம்பு அல்ல. காம்பருகே தொடங்கி நுனிவரை நீளவாக்கில் மூன்று நரம்புகள் ஓடின. இலையும் பெரிது, என் உள்ளங்கையைத் தாண்டியது.

மூன்று நரம்பு உள்ள அந்த இலையை வடஇந்தியர் தேஜ்பத்தா என்பார்கள். தாவரப் பெயர் சின்னமோமம் தமாலா. இமயமலை அடிவாரத்து மரம். நம் மருத்துவ நூல் வழக்கில் இலவங்கப்பத்திரி என்ற பெயர் இதற்கு உண்டு. அது குறைந்த சரக்கு என்று நான் சொல்லவில்லை. பிரியாணிக்கும் புலாவுக்கும் அதுவே பொருத்தமானது, அதன் இடத்தில் லாரல் இலையைப் போட்டால் சோறு மருந்து வாசம் அடிக்கும். அதற்கென்று பழம்பெருமையும் இருக்கிறது. சேர நாட்டு முசிறித் துறைமுகத்திலிருந்து மிளகோடு ஏற்றுமதியான சரக்குகளுள் மலபாத்ரம் என்ற ஒன்றையும் முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு சொல்கிறது. அந்தச் சொல் தமாலபத்ரம் என்பதன் திரிபு. ரோம நகரத்துச் செல்வர்கள் அந்த இலையில் வாசனைத் தைலம் செய்து பூசிக்கொண்டார்கள். தங்கள் வீரர்களின் தலையில் லாரல் இலையைச் சூட்டிய அதே மக்கள், அதன் உறவுக்கார இலையை நம் கரையிலிருந்து கப்பலில் வரவழைத்தார்கள் என்று எண்ணிப் பார்க்கும்போது, இரண்டையும் ஒரே பெயரில் அடைத்து விற்பது எனக்கு இன்னும் அதிகமாக உறுத்துகிறது. குறை அங்காடியின் மீது மட்டும் இல்லை. தமிழ்நாட்டிலிருந்து வரும் பொட்டலங்களிலும் பிரிஞ்சி இலை என்ற பெயர் இரண்டுக்கும் பொதுவாகவே அச்சாகிறது.

தோந்தோன் இந்த இரண்டையும் தனித்தனிக் கண்ணாடிப் புட்டிகளில் வைத்திருக்கிறார். ஒன்றில் ‘லோரியே சோஸ்’ (குழம்புக்கான லோரியே) என்றும் மற்றதில் ‘தேஜ்பத்தா, பிரியாணி’ என்றும் பால்பாயிண்ட் பேனாவால் எழுதி ஒட்டியிருக்கிறார். வாங்க வருபவர் லோரியே என்று மட்டும் சொன்னால், அவர் உடனே எடுத்துக் கொடுப்பதில்லை. என்ன சமைக்கப் போகிறீர்கள் என்று கேட்கிறார். நான் முதன்முறை போனபோது என்னிடமும் அதையே கேட்டார். தோப் என்றேன். சிறிய இலைப் புட்டியைத் திறந்து ஓர் இலையை என் கையில் முறித்துக் கொடுத்து, முகர்ந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் மிஸ் என்றார். விற்பதற்கு முன்பு சரக்கை முறித்துக் காட்டும் வணிகரை நான் அன்றுதான் பார்த்தேன்.

அவருடைய பலகையில் லாரல் குடும்பம் முழுவதுமே ஏறத்தாழ இடம்பெற்றிருக்கிறது என்பதைப் பின்னர் கவனித்தேன். இலவங்கப்பட்டை அந்தக் குடும்பம். கற்பூரம் முற்காலத்தில் எந்த மரத்தைக் காய்ச்சி எடுக்கப்பட்டதோ அந்தக் கற்பூர மரமும் அதே குடும்பம். எதிர்க்கடையில் அடுக்கியிருக்கும் சாவோக்கா, அதாவது வெண்ணெய்ப்பழம், அதுவும் அதே குடும்பம். தாவரவியலார் லாரேசியே என்று பெயர் வைத்தது லாரல் மரத்தை முதலாகக் கொண்டுதான்.

பெயரில் மட்டும் லாரலாக இருந்து, குடும்பத்தில் சேராதவையும் உண்டு. இங்கேதான் கவனம் வேண்டும். பிரெஞ்சில் லோரியே-ரோஸ் என்பது நம்முடைய அரளி. லோரியே-செரீஸ் என்று ஐரோப்பாவில் வேலிக்கு வளர்க்கும் செடி பிளம் பழத்தின் இனம். அதன் இலையைக் கசக்கினால் சயனைடு வெளிப்படும். ஆங்கிலத்தில் அலெக்சாண்டிரியன் லாரல் என்பது புன்னை, இங்கே தக்கமக்கா என்று வழங்கும் மர இனத்தைச் சேர்ந்தது. இந்தியன் லாரல் என்ற பெயரில் மரக்கடைகளில் விற்கும் பலகை கருமருது. ஐரோப்பியர் தாங்கள் அறிந்த ஒரு பளபளப்பான இலையின் பெயரை, போன இடத்தில் கண்ட பளபளப்பான இலைகளுக்கெல்லாம் வைத்துவிட்டார்கள். புன்னையையும் கருமருதையும் யாரும் குழம்பில் போடப் போவதில்லை. அரளியை அப்படி விட்டுவிட முடியாது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்கள் வீட்டில் நடந்த ஒன்றை என்னால் மறக்க முடியவில்லை. பிரான்சில் பிறந்து வளர்ந்த என் அண்ணன் மகள் விடுமுறைக்கு வந்திருந்தபோது, ஒருநாள் தானே சமைப்பதாகச் சொன்னாள். கைப்பேசியில் அவள் பார்த்த குறிப்பில் லோரியே இலை இரண்டு என்று இருந்தது. வீட்டில் தீர்ந்துபோயிருந்தது. பக்கத்து வீட்டுச் சிறுவனிடம், லோரியே எங்கே கிடைக்கும் என்று அவள் கேட்க, அவன் எங்கள் வாசலில் முருகன் மாடத்துக்கு அருகே செழித்து நிற்கும் செவ்வரளியைக் காட்டியிருக்கிறான். அவன் சொன்னதிலும் தவறில்லை. அவன் வீட்டில் அந்தச் செடிக்கு லோரியே என்பதுதான் பெயர். நான் அடுப்படிக்குள் நுழைந்தபோது மூன்று நீண்ட, ஒடுங்கிய இலைகள் கழுவித் துடைத்து வெட்டுப்பலகையின்மேல் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. காம்பு ஒடிந்த இடத்தில் பால் கசிந்து பலகையில் ஒரு வெள்ளைப் புள்ளி உறைந்திருந்தது. அந்தப் புள்ளியைப் பார்த்த கணத்தில் என் கை நடுங்கியது. அரளியின் இலை, பூ, பட்டை, வேர் எல்லாவற்றிலும் இதயத் துடிப்பைக் குலைக்கும் நஞ்சு இருக்கிறது. காய வைத்தாலும் கொதிக்க வைத்தாலும் அது போகாது. குழந்தையை நான் கடிந்துகொள்ளவில்லை. பலகையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவி, இலைகளைக் குழிதோண்டிப் புதைத்துவிட்டு, இரண்டு செடிக்கும் உள்ள வேறுபாட்டை அவளை உட்கார வைத்துச் சொன்னேன்: அரளி இலை கணுவுக்கு மூன்றாக வட்டமாய்ப் பிறக்கும், ஒடித்தால் பால் வரும், கசக்கினால் வாசம் இராது, லாரல் இலை மாறி மாறி ஒவ்வொன்றாகப் பிறக்கும், பால் வராது, கசக்கினால் அறை மணக்கும். ஆனால் இந்த வேறுபாட்டைச் சோதித்துப் பார்ப்பதற்காகவும் அரளியைக் கையில் எடுத்துக் கசக்க வேண்டாம். சமையலுக்கு வேண்டிய லோரியே கடையிலிருந்து மட்டுமே வர வேண்டும் என்பது இப்போது எங்கள் வீட்டுச் சட்டம்.

இதைத் தோந்தோனிடம் சொன்னபோது அவர் வியப்படையவில்லை. தம்மிடம் வரும் இளம்பெண்களிடம், லோரியே சோஸ் என்று முழுப் பெயரையும் சொல்லிக் கேட்கும்படி தாம் எப்போதும் சொல்வதாகவும், அந்த இரண்டாவது சொல்லை விட்டுவிடுவதால்தான் ஆபத்து வருகிறது என்றும் கூறினார். அவர் புட்டியில் ‘சோஸ்’ என்ற சொல்லுக்குக் கீழே மட்டும் இரண்டு கோடு போட்டிருப்பதன் காரணம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

நான் தொடக்கப்பள்ளியில் தமிழ் கற்பிப்பவள். ஆகவே இந்தப் பொட்டலத்தை வகுப்புக்கும் கொண்டுபோனேன். மொரீஷியசில் பிள்ளைகளுக்கு லோரெயா என்ற சொல் நன்றாகத் தெரியும், எச்.எஸ்.சி. எனும் மேல்நிலைப் பள்ளி இறுதித் தேர்வின் முடிவு வரும் நாளில், அரசின் உதவித்தொகை பெற்ற மாணவர்களைத் தோழர்கள் தோளில் தூக்கிக்கொண்டு ஆரவாரிப்பதையும், மறுநாள் நாளிதழ்களில் அவர்கள் படம் நிறைந்திருப்பதையும் பார்த்தே வளர்கிறார்கள். அந்த லோரெயா என்ற சொல்லுக்குள் இருப்பது இந்த இலைதான் என்று சொல்லி ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். லாரல் சூட்டப்பட்டவர் என்பதே அதன் பொருள். கிரேக்கர் அப்பல்லோ தெய்வத்துக்கு உரிய மரமாக இதைக் கொண்டார்கள்; அவர் காதலித்துத் துரத்திய தாஃப்னே என்ற பெண் இந்த மரமாக மாறினாள் என்பது அவர்கள் கதை, இன்றைக்கும் கிரேக்க மொழியில் இந்த மரத்தின் பெயர் அவள் பெயர்தான். டெல்ஃபியில் நடந்த போட்டிகளில் வென்றவருக்கு லாரல் வளையம், ஒலிம்பியாவில் வென்றவருக்கு ஒலிவ வளையம் என்று அவர்கள் பிரித்தே வைத்திருந்தார்கள். இந்த இரண்டையும் இப்போது பலர் ஒன்றாக்கிவிடுகிறார்கள். ரோமத் தளபதிகள் வெற்றிச் செய்தியை லாரல் இலை சுற்றிய மடலில் அனுப்பினார்கள். 1341-ஆம் ஆண்டு பெத்ரார்க் என்ற இத்தாலியக் கவிஞருக்கு ரோம் நகரில் லாரல் முடி சூட்டினார்கள். 1668-இல் டிரைடன் முதல் இங்கிலாந்தில் அரசவைக் கவிஞருக்கு இந்த இலையின் பெயரிலேயே பதவி உண்டு. நோபல் பரிசு பெறுவோரையும் லாரல் சூடியவர் என்றே ஆங்கிலத்தில் சொல்கிறார்கள். 2008-இல் இலக்கியத்துக்காக அதைப் பெற்ற லெ கிளேசியோ நம் நாட்டுக் குடியுரிமையும் உடையவர் என்பதால், வகுப்பில் அவர் பெயரையும் சொன்னேன்.

ஒரு சிறுமி எழுந்து, தமிழில் இதற்கு என்ன மிஸ் என்று கேட்டாள். வாகை என்றேன். புறத்திணைகளில் வெற்றிக்கு உரிய திணை வாகை. வென்றவர் வாகைப் பூவைச் சூடினார்கள். இன்றும் தேர்தலிலும் விளையாட்டிலும் வென்றவரை வாகை சூடினார் என்றே எழுதுகிறோம். அந்த மரம் எப்படி இருக்கும் என்று அவள் மறுபடி கேட்டபோது எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை, ஏனென்றால் நம் தீவில் சாலையோரங்களில் புவா நுவார் என்று சொல்லிக்கொண்டு நாம் தினமும் கடந்துபோகும் மரம் வாகைதான். வெளிர்மஞ்சள் நிறக் குஞ்சம்போன்ற பூவும், காய்ந்தபின் காற்றில் கலகலக்கும் தட்டையான காய்களும் உடைய அந்த மரத்தின் கீழே பேருந்துக்குக் காத்திருக்காத பிள்ளை அந்த வகுப்பில் இருந்திருக்காது. கறிவேப்பிலையைக் கரிப்புலே என்றும், கொத்தமல்லியைக் கொத்தோமிலி என்றும் கிரியோலுக்குள் கொண்டுசென்ற நம் முன்னோர், இந்த மரத்துக்கு மட்டும் தங்கள் பெயரை நிலைநிறுத்தாமல் போனது எனக்கு வருத்தமே.

மறுபடியும் கடைக்கு வருகிறேன். வாங்கிய இலையைப் பல விதமாகச் சமைத்துப் பார்த்தேன். முதலில் இரண்டு வகை இலையையும் தனித்தனிக் கோப்பையில் வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவிட்டேன்; லாரல் ஊறிய நீர் வெளிர்பச்சையாகி யூகலிப்டஸும் மிளகும் மணக்க, தேஜ்பத்தா ஊறிய நீர் இளஞ்சிவப்பு கலந்த பழுப்பாகிப் பட்டை மணத்தது. பிறகு அதே உருளைக்கிழங்குத் தோப்பை, நான்கு பேருக்கு இரண்டு இலை என்ற கணக்கில் செய்தேன். எண்ணெயில் வெங்காயம் வதங்கும்போதே இலையைப் போட்டுவிட வேண்டும் என்பது என் அனுபவம். கடைசியில் போட்டால் வாசம் குழம்பில் இறங்க நேரம் போதாது, இந்த இலை மெதுவாகத்தான் தன்னைக் கொடுக்கும். நாற்பது நிமிடம் சிறுதீயில் இருந்தபின் மாமியார் மறுபடியும் ஒரு கரண்டி சுவைத்தார். ஒன்றும் சொல்லாமல் இரண்டாவது கரண்டி எடுத்தார். மூன்றாவது இலை போட்டுப் பார்த்தபோது கசப்பு தட்டியது. ஆகவே இந்தச் சரக்குக்கு இரண்டு போதும். பருப்பு வேகும்போது ஓர் இலை போட்டதும் நன்றாகவே இருந்தது. ரசத்தில் போட்டது ஒத்துவரவில்லை. மிளகு, சீரக வாசத்தோடு அது சண்டை போடுகிறது. பரிமாறுமுன் இலையை எண்ணி எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் எவ்வளவு வெந்தாலும் அது மெத்தென்று ஆவதில்லை, அதன் கூரிய ஓரம் தொண்டையில் குத்தும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பொட்டலம் மெல்லிய செலோபேன் தாளால் ஆனது. கைப்பையில் வைத்து வீட்டுக்கு வருவதற்குள் அடியில் உள்ள இலைகள் நொறுங்கிவிடுகின்றன. பொட்டலம் கட்டிய தேதி அதில் இல்லை. உலர்ந்த லாரல் இலை ஓராண்டு கடந்தால் நிறத்தோடு வாசத்தையும் இழக்கத் தொடங்கும் என்பதால், தேதி வேண்டியதுதான். நான் கேட்டபோது புட்டியிலிருந்தே எடுத்துக் காகிதப் பையில் போட்டுத் தந்தார், அந்த இலைகள் பொட்டலத்தில் இருந்ததைவிடப் புதியவையாகவும் முழுமையாகவும் இருந்தன; அப்படிக் கேட்டு வாங்குவதே நல்லது. விலை அங்காடியைவிட ஏறத்தாழ பத்து ரூபாய் கூடுதல். அட்டைகள் ஏற்பதில்லை, சில்லறையாகக் கொண்டுபோக வேண்டும். வெள்ளி, சனிக்கிழமைகளில் நெரிசலில் அவரால் பொறுமையாகப் பேச முடிவதில்லை. என் முன்னே நின்ற ஒருவர் லோரியே என்று கேட்டு, கேள்வி எதுவும் இல்லாமலே பொட்டலத்தை வாங்கிச் சென்றதையும் ஒருமுறை பார்த்தேன். கொடுத்தது சரியான இலைதான், ஆனாலும் அந்தக் கேள்வியை அவர் ஒருநாளும் விட்டுவிடக் கூடாது என்று பிற்பாடு அவரிடமே சொன்னேன், அவரும் ஒப்புக்கொண்டார்.

சென்ற மாதம் போனபோது, தமிழில் இவற்றுக்கு என்ன எழுதலாம் மிஸ் என்று அவரே கேட்டார். அவருக்குத் தமிழ் பேச அவ்வளவாக வராது, காவடிப் பாடல்கள் மட்டும் மனப்பாடம். ஆனால் பேரப்பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்களாம். இரண்டு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். மூன்று நரம்பு இலைக்கு ‘இலவங்கப்பத்திரி, பிரியாணிக்கு’ என்றும், ஒரு நரம்பு இலைக்கு ‘லாரல் இலை, தோப்புக்கு’ என்றும் எழுதி, பிரிஞ்சி என்ற சொல்லை இரண்டிலும் வேண்டுமென்றே தவிர்த்தேன். இப்போது அவை புட்டிகளில் ஒட்டப்பட்டிருக்கின்றன, பிரெஞ்சுச் சீட்டுக்கு நேர் கீழே. நீங்கள் போனால் இடது பக்கம் இரண்டாவது தட்டில், கிராம்புப் புட்டிக்கு அடுத்ததைக் காட்டுங்கள். செவ்வாய் அல்லது புதன் காலையில் போனால் அவருக்கு இலையை முறித்துக் காட்ட நேரம் இருக்கும்.